எஸ்டேட் வண்டி

போடியில் "எஸ்டேட் வண்டி" என்றால் எல்லோருக்கும் ஜீப்தான் ஞாபகம் வரும். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி போடிமெட்டு ஏறுகிற ஜீப். என் மாமா வீட்டு ஷெட்டில் எட்டு வருஷமாக நின்றது வேறு எஸ்டேட். 1992ல் டாடா கொண்டுவந்த ஸ்டேஷன் வேகன்; அதன் பெயரே எஸ்டேட். கூரையைப் பின்னால் கடைசிவரை நீட்டி, சாமான் வைக்க இடம் விட்ட கார். நம்மூரில் அது பெரிதாக எடுபடவில்லை. காசுள்ளவனுக்கு டிக்கி தனியாகத் தெரிகிற கார் வேண்டும். சாமான் ஏற்றுகிறவனுக்கு 1994ல் சுமோ வந்துவிட்டது. மாமா மட்டும் விடாப்பிடியாகப் பின்சீட்டை மடக்கி, மேலேயிருந்து காய் மூட்டைகளை போடி ஏலத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். இப்போதும் கதவைத் திறந்தால் ஏலக்காய் வாசனைதான் முதலில் இறங்கி வரும்.

"ஓட்டுற மாதிரி ஆக்கிக்க மாப்ள. ஆனா வண்டிய மாத்திப்புடாத."

இந்த ரெண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று எனக்குப் பட்டறையில்தான் தெரிந்தது.

பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்ற கேள்வியை நம்மில் பலர் படித்திருப்போம். எனக்கு அதைவிட போடி ரயில் நெருக்கம். 1928ல் வந்த பாதை. உலகப்போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள், பிறகு திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் மீட்டர் கேஜை மூடி, 2023 ஜூனில் அகலப்பாதையில் ரயில் விட்டார்கள். பழைய இரும்பு ஒரு துண்டுகூட மிச்சமிருக்காது. ஆனாலும் அன்றைக்கு ஸ்டேஷனில் நின்ற கிழவிகள் "நம்ம ரயிலு வந்துருச்சு" என்றுதான் சொன்னார்கள். அது வேறு ரயில் என்று அவர்களிடம் வாதாட எந்தத் தத்துவ மாணவனுக்கும் தைரியம் வந்திருக்காது.

சட்டத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021ல் வந்த விண்டேஜ் விதிகளின்படி, 50 வருஷம் தாண்டி மூல வடிவத்திலேயே இருக்கிற வண்டிக்குத் தனி மரியாதை, தனி நம்பர். ஆனால் அதை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. முப்பது வயது வண்டி இதில் எங்கேயும் சேராது. மனிதர்களிலும் அந்த வயசு அப்படித்தானே.

என் கையில் இருந்தது ஒன்றரை லட்சம். பெயின்ட், சீட் கவர், அலாய் வீல், பாட்டுக் கேட்க நல்ல செட். மெக்கானிக் அண்ணன் பட்டியலைப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்து. தரைத்தகடு பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. மேலே எப்போதோ யாரோ பட்டி பார்த்து, வழவழப்பாக்கி, பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"இதுக்கு மேல இன்னொரு பட்டி பாத்துரலாம் தம்பி, பளபளன்னு இருக்கும். பிரேக்க என்ன பண்ண?"

போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவு. ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள் மலை டிரைவர்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் காய்ந்து நாறும். பிரேக் ஆயில் பழசாக இருந்தால் இன்னும் மோசம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். வளைவில் காய்ப்பையோடு ஓரமாக நடந்து வருகிற பெண்ணுக்கு என் வண்டி கிளாசிக்கா, ஒரிஜினலா என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பெயின்ட் எனக்குத் தெரிந்தவர்கள் பார்ப்பதற்கு. பிரேக், எனக்கு முகம் தெரியாதவர்களுக்கு. பணம் நிறைய இருந்திருந்தால் ரெண்டையும் செய்துவிட்டு, என்னை நல்லவன் என்று நம்பியிருப்பேன். பற்றாக்குறை அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை.

ஆனால் பெயின்டை வெறும் பகட்டு என்று ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. வெயிலில் அந்த வெள்ளை மின்னுவதைப் பார்க்கத்தான் மாமா எட்டு வருஷம் காத்திருந்தார். அதுவும் ஒரு கடன்தான்.

இன்ஜின் கவலை குறைவு. சுமோவில் போட்ட அதே 1948 சிசி டீசல் என்பதால் காயலான் கடையில் சாமான் கிடைத்தது. பாடி சாமான்தான் சிக்கல். கண்ணாடி, பின்கதவு, விளக்கு எதற்கும் இன்னொரு எஸ்டேட்தான் வேண்டும். தேடி அலைந்ததில் கம்பம் பக்கம் ஒரு தோப்பில் கிடைத்தது. பச்சை நிறம். பெரியவர் ஒருவர் வைத்திருந்தார்.

"சாமானா குடுக்க மாட்டேன் தம்பி. முழுசா எடுத்துக்கங்க. ஓட்டுவீங்கல்ல?"

தலையாட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலு நாளில் அதைக் கழற்றி முடித்தோம். நம் வண்டியைவிட அதன் தரைத்தகடு நன்றாக இருந்தது. வெட்டி எடுத்து ஒட்டினோம். மீதிக்கூட்டை எடைக்குப் போட்ட பணத்தில்தான் புது பிரேக் லைன் வந்தது. ஒன்று பிழைக்க இன்னொன்றை அறுத்தாயா என்று கேட்டால், ஆமாம். ரெண்டும் துருப்பிடித்துச் சாவதைவிட இது மேல் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பெரியவர் விற்றது ஒரு வண்டியை. நான் வாங்கியது சாமான்களை. ரெண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை நான் அவரிடம் சொல்லாமல் என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பெயின்டுக்குக் காசு மிஞ்சவில்லை. வெள்ளை வண்டி, பச்சைப் பின்கதவு. மாமாவை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு போய், டீ குடித்துவிட்டு, ரெண்டாவது கியரில் இறங்கினோம். பெடல் கல் மாதிரி நின்றது. புலியூத்து அருகே ஓரங்கட்டச் சொன்னார். இறங்கி, பின்னால் போய், பச்சைக் கதவைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இது யார் வண்டி மாப்ள?"

சொன்னேன். தலையாட்டினதையும் சேர்த்து.

கொஞ்ச நேரம் கீழே போடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.

"கம்பத்துக்கு விடு. அந்தாளும் ஒரு ரவுண்டு உக்காந்து பாக்கட்டும்."