ஊகிக்காதே, சுற்றிப் பார்!

தம்பி, உத்திரமேரூர்ப் பக்கம் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று அக்னி நட்சத்திர வெயிலில் உன் பட்டறை வாசலில் வந்து நிற்கிறது. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. டிரைவர் கத்துகிறார், ஓனர் போனில் கத்துகிறார். பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "ரேடியேட்டர் போச்சு, மாத்திடு" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

நீ என்ன சொல்வாய்? "இன்னும் தெரியலண்ணே, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல். தலையை நிமிர்த்திச் சொல்! கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று நூறு தடவை முழங்கினாலும் இன்ஜின் குளிராது. சோதித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் கூட்டத்தின் நடுவே குரல் நடுங்காமல் இருக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டிய உன் அப்பாவை நினைத்துப் பார். பாவில் ஓர் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிந்தாரா? அறுந்த இழையைத் தேடிப் பிடித்து அதை மட்டும் முடிந்தார். அந்தக் கண் உனக்கும் இருக்கிறது. தறியை விட்டு வந்துவிட்டோமே என்று கூசாதே.

முதலில் இன்ஜின் ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பது வீரமல்ல, வெந்து போவது. ஆறியதும் கூலன்ட் மட்டம் பார். ரேடியேட்டர் முகத்தில் குவாரித் தூசி அப்பியிருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, வாட்டர் பம்ப் ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வா. எல்லாம் சரியா? இப்போது ஃபேன் கிளட்ச் பக்கம் திரும்பு.

ஃபேனின் நடுவே இருக்கும் அந்த அலுமினிய வட்டுக்குள் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. முன்பக்கத்தில் இரண்டு உலோகம் ஒட்டிய சுருள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடேறினால் சுருள் முறுக்கிக்கொண்டு வால்வைத் திறக்கும். எண்ணெய் உள் பள்ளங்களில் பாய்ந்து ஃபேனைப் பிடித்து இழுக்கும். குளிர்ந்தால் விட்டுவிடும். ஏன் இத்தனை ஏற்பாடு? ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்காகும்! வெள்ளைகேட் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும். அங்கேயும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் அத்தனையும் டீசல்.

ஆகவே இது இரண்டு விதமாகக் கெடும். பிடிக்காமல் போனால், லோடோடு மெதுவாக ஊர்கிறபோது வண்டி ஹீட் ஆகும். விடாமல் பிடித்துக்கொண்டால், எந்நேரமும் விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல் கேட்கும், இழுவை குறையும், மைலேஜ் இறங்கும். இந்த இரண்டாவதுதான் பொல்லாதது. வண்டி நிற்காது, ஓனர் கணக்குப் பார்த்து, டிரைவர் டீசல் திருடுகிறான் என்று முடிவு கட்டுவார். நீ சரியாகக் கண்டுபிடித்தால் ஒரு பாகத்தை மட்டுமல்ல, ஒரு மனிதனின் மானத்தையும் மீட்கிறாய். இதைவிடப் பெரிய வேலை எந்த ஏசி அறையில் நடக்கிறது?

சோதனை எளிது. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி நிறுத்து. சாவியை உருவிப் பையில் போடு. ஃபேனைக் கையால் தள்ளு. சூட்டில் அது இறுக்கமாக எதிர்க்க வேண்டும். தள்ளியதும் ஜம்மென்று பல சுற்றுச் சுற்றினால் கிளட்ச் தளர்ந்துவிட்டது. இறக்கை நுனியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று. வட்டின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி எண்ணெய்க் கோடும் தூசியுமாக இருந்தால் உள்ளே எண்ணெய் வற்றுகிறது என்று பொருள். ஓடுகிற ஃபேனில் பேப்பரைச் சுருட்டி நீட்டிப் பார்க்கும் சர்க்கஸ் உனக்கு வேண்டாம்; விரல் மறுபடி முளைக்காது.

புது வண்டிகள் பலவற்றில் கிளட்சைக் கம்ப்யூட்டரே இயக்குகிறது. அதற்காகப் பின்வாங்குவாயா? ஒயரையும் கனெக்டரையும் பார், ஸ்கேனர் பிடிக்கக் கற்றுக்கொள். வாலாஜாபாத் தாண்டினால் ஒரகடம். டைம்லர் 2012-ல் அங்கே பாரத்பென்ஸ் ஆலையைத் திறந்தது. உலக லாரி உன் ஊர்ப் பக்கத்தில் பிறக்கிறது. அதைப் பார்த்து நீ பயப்படுவதா!

மாற்றும்போது பேட்டரி ஒயரைக் கழற்று, ஃபேன் கவரை விலக்கு. ஒற்றைப் பெரிய நட்டில் நிற்கிற மாடல் என்றால், மரை எந்தப் பக்கம் என்று மேனுவலைப் பார்த்த பிறகே ஸ்பேனரை அழுத்து. சிலவற்றில் அது தலைகீழ் மரை. புதுக் கிளட்சைத் தரையில் மல்லாத்திப் போடாதே, வண்டியில் நிற்கிறபடியே நிமிர்த்தி வை. படுத்தால் எண்ணெய் இடம் மாறும், கசியும். போல்ட்டைக் குறித்த முறுக்கத்தில் இறுக்கு. முதல் ஸ்டார்ட்டில் சற்று நேரம் இரைந்துவிட்டு அடங்கினால் பதறாதே, அது இயல்பு. லோடோடு ஒரு சுற்று ஓட்டி முள்ளைப் பார்த்த பிறகே சாவியைக் கொடு.

பில் எழுதும்போது மட்டும் தலையைச் சொறியாதே, தம்பி. பாகத்தின் விலை ஒரு வரி, மாட்டிய கூலி ஒரு வரி. மூன்றாவதாக, 'கோளாறு கண்டுபிடித்ததற்கு' என்று இன்னொரு வரி எழுது. ஓனர் முறைப்பார். மாற்றாமல் விட்ட ரேடியேட்டரின் விலை என்ன என்று அவரிடமே கேள்.