துடைத்த குழி

தங்கை மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளோடு வந்து, "எம்.பி.ஏ. போகணும்னா இதுல எதை எடுத்தா மாமா நல்லது?" என்றாள்.

பென்சிலில் எண் போட்டு எழுதியிருந்தாள். இரண்டாவது வணிகவியல், மூன்றாவது வணிக நிர்வாகம், நான்காவது கணிதம், ஐந்தாவது பொருளியல். ஒன்றுக்கு எதிரே எதையோ எழுதி அழித்திருந்தாள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது. முதலெழுத்து மட்டும் லேசாகத் தெரிந்தது: 'வ'.

"பி.காமே எடும்மா" என்றேன். என் பேனாவை வாங்கி, அழித்த இடத்திலேயே 'வணிகவியல்' என்று எழுதினாள். மை கசிந்து, அடியிலிருந்த 'வ' மறைந்தது.

நான் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வு எழுத, பொதுப் பிரிவினருக்கு ஏதாவதொரு பட்டத்தில் 50 சதவீதம் போதும். எந்தப் பாடம் என்ற நிபந்தனை கிடையாது. அதைச் சொல்லவில்லை. அந்த 'வ' என்னவென்றும் கேட்கவில்லை. வரலாறா? இல்லை, வணிகவியலையே முதலில் எழுதி, மனசு ஒப்பாமல் கீழே இறக்கியிருந்தாளா? அப்படியென்றால் அவள் இறக்கியதை நான் ஏற்றிவிட்டேன்.

சின்ன வயதில் ஆச்சியோடு பல்லாங்குழி ஆடுவேன். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. நான் கைபோன குழியில் அள்ளித் தோற்பேன். ஆச்சி முதலில் கண்ணாலேயே எண்ணுவாள்; கடைசிக் காய் எங்கே விழும் என்று தெரிந்த பிறகுதான் குழியில் கை வைப்பாள். "முடியுற எடம் தெரியாம எடுக்காதலே" என்பாள். அந்தக் கணக்கில் மருமகள் கேட்டது சரிதான். மூன்று வருஷத்தைச் சோதித்துப் பார்க்கத் தங்கை வீட்டில் வசதியும் இல்லை.

ஆனால் பல்லாங்குழியில் குழிகள் இடம் மாறுவதில்லை. மேலாண்மைப் பேராசிரியர் சி.கே. பிரகலாத் பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது. கோயம்புத்தூரில் பிறந்தவர். லயோலாவில் இயற்பியல் முடித்து, 19 வயதில் யூனியன் கார்பைடில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்து 1966-இல் வெளிவந்தார். அவர் பிறந்தது 1941-இல், அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கியது 1961 டிசம்பரில். அவர் இயற்பியலைத் தொட்டபோது, போய்ச் சேரப்போகும் குழி வெட்டப்படவே இல்லை.

இதை அவளிடம் சொல்லலாம். பட்டப் படிப்பில் என்ன படித்தாய் என்று நேர்முகத் தேர்வில் துருவுவார்கள், பிடித்துப் படித்தவர்களுக்கு வாய் திறக்கும் என்றும் சொல்லலாம். பொறியியல் படிக்காதவர்களுக்குச் சில ஐ.ஐ.எம்.கள் கூடுதல் மதிப்பெண் தருவதையும் சேர்க்கலாம். இப்படி அடுக்கிக்கொண்டே வரும்போதுதான் உறைக்கிறது: வரலாற்றுக்கு வக்காலத்து வாங்கவும் நான் எம்.பி.ஏ. கணக்கைத்தான் போடுகிறேன். வரலாறு பிடித்திருந்தால் அதற்காகவே படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பல்லாங்குழியில் இன்னொரு விதி உண்டு. கையில் காய் தீர்ந்து, அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தடவித் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்ளலாம். அவளும் அதைத்தான் செய்தாள். முதல் இடத்தைத் துடைத்தாள், அடுத்ததை எடுத்தாள். வெறுங்குழியைத்தான் துடைக்கலாம் என்பது ஆட்ட விதி. அவள் துடைத்தது வெறுங்குழிதானா?

போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். 'வரலாறு' என்று சொல்லிவிட்டால் நான் அடுத்து என்ன சொல்வது? அது தெரியாததால்தான் இன்னும் கேட்காமல் இருக்கிறேனோ என்னவோ.