சைவர் கற்ற பௌத்தம்

மணிமேகலை ஏடுகளைக் கையில் எடுத்தபோது உ.வே. சாமிநாதையருக்குத் தடையாக நின்றது தமிழ் அல்ல, பௌத்தம். நான்கு வாய்மைகள், பன்னிரு நிதானங்கள் என நூலில் வந்தவை எல்லாம் அவருக்குப் புதியவை.

கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொன்னார். சைவ மடத்தில் தமிழ் பயின்றவர், வைணவர் ஒருவரிடம் புத்தர் நெறியைப் பாடம் கேட்டார்!

1898இல் மணிமேகலை அச்சேறியது. புத்தர், தருமம், சங்கம் மூன்றையும் விளக்கி ஐயர் உரைநடையிலும் எழுதினார்.

ஒரு சமயத்தின் நூலைக் கற்க அந்தச் சமயத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை வேண்டும், தெரிந்தவரைக் கேட்கும் பணிவும் வேண்டும். பௌத்தத்தை அறிய விரும்பும் தமிழர், மணிமேகலையின் முப்பதாம் காதையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும். துன்பம் தோன்றும் விதமும் அது அறும் வழியும் அங்கே முறையாகச் சொல்லப்பட்டுள்ளன.