பிடித்துச் செய்தால் அறமாகாதா?

இறந்துபோனவர்களைப் பற்றி நாம் சொல்கிற வார்த்தைகளில் அதிகம் தேய்ந்தது ‘நல்ல மனசு’. என் நண்பன் போன பிறகு, ஆர்.எஸ்.புரத்தில் அவன் வீட்டுக்கு வந்த எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பொய்யில்லை. சனிக்கிழமை ஏதாவது ஒரு மலை. ஞாயிறு காலை வெள்ளலூர்க் குளத்தில் தன்னார்வலர்களோடு மரக்கன்று, குப்பை, சேறு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவனுடைய வாரக்கடைசி இப்படித்தான் போனது.

அவன் அப்பா மட்டும் வேறொன்று சொன்னார். “மலையேறறது அவனுக்குப் புடிச்சுது தம்பி, ஏறுனான். கொளத்துக்குப் போறதும் புடிச்சுது, போனான். ரெண்டும் ஒண்ணுதானுங்க. இதுல பெருமை பேச என்ன இருக்குது?”

கோபமாகச் சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்தவருக்குப் புகழ்ச்சி அலுத்துப்போயிருக்கலாம். ஆனால் அது லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. இம்மானுவேல் கான்ட் 1785இல் வெளிவந்த அறவியல் நூலில் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். பிறருக்கு உதவுவதில் இயல்பாகவே மகிழ்கிற ஒருவனைப் பாராட்டலாம், ஊக்குவிக்கலாம்; ஆனால் அந்தச் செயலுக்கென்று அற மதிப்பு கிடையாது. அதே ஆள் சொந்தத் துயரத்தில் மனம் மரத்துப்போய், உதவும் ஆசையே இல்லாத நாளில், கடமை என்று எழுந்து உதவினால் அப்போதுதான் மதிப்பு.

அரிஸ்டாட்டில் இதற்கு நேரெதிர். நல்லதைச் செய்வதில் மகிழ்ச்சி அடையாதவன் நல்லவனே இல்லை என்பது அவர் கட்சி. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பவனைக் கொடையாளி என்று யார் சொல்வார்கள்? பழகிப் பழகி, அது பிடித்தும் போகிற இடத்தில்தான் நற்குணம் முழுமையடைகிறது.

என் நண்பனை எந்தப் பக்கம் வைப்பது? வெள்ளியங்கிரியில் நடந்த ஒன்றை வைத்துத்தான் யோசிக்க முடிகிறது. பூண்டியிலிருந்து ஏழு மலை. மூங்கில் தடியை ஊன்றி ராத்திரியில் ஏறி, விடியும்போது ஏழாவது மலையில் நிற்க வேண்டும், அதுதான் எங்கள் கணக்கு. ஒரு வருஷம் ஆறாவது மலையில், ஆண்டி சுனைக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. “நீங்க போங்கடா” என்று எங்களை அனுப்பிவிட்டு அவன் அவரோடு உட்கார்ந்துவிட்டான். நாங்கள் சூரியனைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, தன் தடியையும் அவரிடமே கொடுத்து, படிப்படியாகக் கீழே கூட்டிப் போய்க்கொண்டிருந்தான்.

இங்கே அப்பா சொன்ன ரெண்டும் ஒன்றில்லை. பிடித்தது மேலே இருந்தது. தேவை கீழே இருந்தது.

‘அவனுக்குச் சிகரத்தைவிட மனுஷங்களைப் புடிச்சுது, அவ்வளவுதானே?’ என்று ஒருவர் மறுக்கலாம். சரி, அந்தப் பிடித்தம் எங்கிருந்து வந்தது? கல்லூரியில் நான் பார்த்தவன் முன்னால் ஓடுகிற ஆள். மெதுவாக வருகிறவர்களுக்காக நிற்பது என்றாலே எரிச்சல்படுவான். கூட வந்த ஒரு சீனியர்தான் அவனைக் கடைசி ஆளாக நடக்கச் சொன்னார். பின்தங்குகிறவர்களை விட்டுவிடாமல் கூட்டி வருவது அந்தக் கடைசி ஆளின் வேலை. முதல் சில மலைகள் முனகிக்கொண்டே வந்தான். அப்புறம் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதனால்தான் ‘நல்ல மனசு’ எனக்கு உறுத்துகிறது. அவன் முனகி முனகி உண்டாக்கிக்கொண்ட ஒன்றை, உயரம் மாதிரி, நிறம் மாதிரி, பிறப்பிலேயே வந்ததாக அது ஆக்கிவிடுகிறது. நமக்கும் வசதி. அவனுக்கு அந்த மனசு இருந்தது, நமக்கு இல்லை, கதை முடிந்தது. இறந்தவரை நினைப்பதுதான் இருப்பதிலேயே தன்னலமற்ற அன்பு, ஏனென்றால் அவர் நமக்குத் திருப்பித் தர எதுவுமில்லை என்று 1847இல் கிர்க்கெகார்ட் எழுதினார். அந்த நினைப்பிலும் நாம் இப்படியொரு சலுகையை எடுத்துக்கொள்கிறோம்.

நடுகல் நட்டவர்களுக்கு இந்த விஷயத்தில் தெளிவு அதிகம். அவன் தங்கமானவன் என்று கல்லில் வெட்டிக்கொண்டிருக்கவில்லை. ஆநிரையை மீட்கப் போய் விழுந்தான் என்று வெட்டினார்கள். ஆர்.எஸ்.புரமும் ஒரு வகையில் நடுகல்தான். கோவை நகராட்சித் தலைவராக இருந்து, சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வரப் பாடுபட்ட இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் அது. அவர் எப்படிப்பட்ட மனசுக்காரர் என்று டி.பி. ரோட்டில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் வருகிறது.

அவன் அப்பாவிடம் நான் வாதம் செய்யவில்லை. ஆண்டி சுனைக் கதையை மட்டும் சொன்னேன். “எங்ககிட்ட இதச் சொல்லவே இல்லியே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பெரியவரு எந்த ஊருங்க?” என்று கேட்டார்.

எனக்குச் சேறு பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எழுவது அதைவிடப் பிடிக்காது. இப்போது போய்க்கொண்டிருக்கிறேன், முனகிக்கொண்டுதான். கான்ட் இதற்கு முழு மதிப்பெண் போடுவார். அரிஸ்டாட்டில், இன்னும் சில வருஷம் போகட்டும் என்பார். எனக்கு அரிஸ்டாட்டில் சொல்வதுதான் சரியென்று படுகிறது.