நியாயமான சம்பளம் எது?

ஒரே கூரையின் கீழ் உழைக்கும் இருவரில் ஒருவருக்கு அதிகமும் மற்றவருக்குக் குறைவுமாகச் சம்பளம் கொடுப்பது நீதியாகுமா? வேலைக்கு வேலை வித்தியாசம் உண்டு. ஆகையால் கூலியிலும் வித்தியாசம் இருக்கலாம் என்று எவரும் ஒப்புக்கொள்வர். அந்த வித்தியாசத்தை எந்தத் தராசில், யார் நிறுப்பது என்பதுதான் கேள்வி.

பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென வேலை மதிப்பீடு என்ற முறையைக் கையாளுகிறார்கள். ஆளைப் பாராமல் வேலையைப் பார்ப்பது அதன் விதி. திறமை எவ்வளவு வேண்டும், பொறுப்பு எவ்வளவு, உடலுக்கும் மனதுக்கும் பிரயாசை எவ்வளவு, சூடு தூசி ஆபத்து எப்படி என்று தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டி, அதன்படி சம்பளப் படிகளை வகுக்கிறார்கள். முதலாளியின் மைத்துனன் என்பதற்காக ஒருவனுக்கு அள்ளிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்தத் தராசையும் மனிதரே செய்கிறார்கள்.

நம் பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலையே எடுத்துக்கொள்வோம். களிமண் குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, மண் ஓரத்தில் படிந்து கெட்டியாகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, பொம்மையை வெளியே எடுத்து, அச்சு சேர்ந்த இடத்துத் தழும்பைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கவேண்டும். கை சற்று அழுத்தினால் பொம்மை நசுங்கும். மயிரிழை விரிசலைக் கவனியாமல் விட்டால் சூளையில் அது வாய் பிளக்கும். சூளையில் நிற்பவர் நெருப்போடு போராடுகிறார். அவர் வேலையின் அருமை ஒருவரும் சொல்லாமலே விளங்கும். சீவித் துடைப்பவள் ஒரு பெண்ணாயிருந்தால், “இது பெண்களுக்கு இயற்கையாய் வருவது” என்று புகழ்ந்துவிட்டு, “உதவியாள்” என்று பேரேட்டில் எழுதிவிடுவது சுலபம். புகழ்ச்சிக்குச் செலவில்லை அல்லவா? மூட்டை தூக்கும் தோளுக்கு மதிப்பெண் உண்டு, விரலின் நுட்பத்துக்கு இல்லை என்றால் அது என்ன தராசு? உலர்ந்த மண்ணைத் தேய்க்கும்போது எழும் தூசியில் சிலிக்கா கலந்திருக்கிறது. வருஷக்கணக்கில் அது மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் கெடும். கண்ணுக்குத் தெரியும் நெருப்புக்கு எண் போடுகிறவர்கள் இந்தத் தூசிக்கும் போடவேண்டாமா?

தராசு இப்படிப் பிசகக்கூடும் என்பதற்கு உலகமறிந்த சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்னுமிடத்து ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் வேலைகளை மதிப்பிட்டபோது, இருக்கை உறை தைக்கும் பெண்களின் வேலையைத் திறமை குறைந்த வகுப்பில் வைத்தார்கள். அந்த வகுப்பு ஆண்களின் கூலியிலும் 100-க்கு 85 பங்குதான் அவர்களுக்கு. 1968 ஜூன் மாதம் 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். இருக்கையில்லாமல் கார் ஏது? அமைச்சர் பார்பரா காசில் தலையிட, பங்கு 92 ஆயிற்று. 1970-ல் சம ஊதியச் சட்டமும் பிறந்தது. ஆயினும் தங்கள் தையல் திறமையுள்ள வேலை என்ற ஒப்புதலைப் பெற, மறுபடியும் ஒரு வேலைநிறுத்தம் செய்து, 1984 வரையில் அவர்கள் காத்திருக்கவேண்டியதாயிற்று.

நம் நாடு சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச உடன்படிக்கையை 1958-லேயே ஏற்றது. ஆண் பெண் இருவருக்கும் சம ஊதியம் தரும் சட்டம் 1976-ல் வந்தது. ஆனால் ஆண் பெண் என்ற பேதம் ஒன்றுதானா? நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதமும் உண்டு. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளர் 2014-ல் பல நாள் வேலைநிறுத்தம் செய்ததைக் கம்மாபுரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். இருவர் ஒரே வேலையை ஒரே விதமாய்ச் செய்கையில், பெயர் எந்தப் பேரேட்டில் இருக்கிறது என்பது திறமையுமல்ல, பொறுப்புமல்ல, பிரயாசையுமல்ல. பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர் வழக்கில் 2016-ல் உச்சநீதிமன்றமும் இந்தக் கருத்தையே கொண்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எந்த மதிப்பெண்ணும் தொடக்கூடாத ஓர் அடித்தளம் உண்டு. பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் எழுதிய நிருபத்தில், வேறு வழியில்லாமல் தொழிலாளி குறைந்த கூலிக்குச் சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் அநீதியை நீதியாக்காது என்று போதித்தார். 1957-ல் டில்லியில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு, உழைப்பவருக்கும் குடும்பத்துக்குமாக மூன்று பேர் சாப்பாடு, வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்குச் செலவு என்று கணக்கிட்டது. பிள்ளைகளின் படிப்பையும் வைத்தியத்தையும் உச்சநீதிமன்றம் 1991-ல் சேர்த்தது. எளிய வேலைக்குக் குறைந்த எண் வரலாம். அந்த வேலையைச் செய்பவரின் பிள்ளைக்குக் குறைந்த பசி வருவதில்லை.

“இத்தனையும் கொடுத்தால் நான் பட்டறையை மூடவேண்டியதுதான்” என்று சிறு முதலாளி சொல்வார். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. மண், எரிபொருள், மெருகுச் சாமான் எல்லாம் விலையேறி நிற்க, பொம்மையின் விலையை நிர்ணயிப்பவர் மொத்த வியாபாரி. பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1931-ல் இதையும் யோசித்திருக்கிறார். தொழிலின் நிலைமையைக் கவனிக்கவேண்டும் என்றார். அநியாய விலைக்கு விற்கும்படி ஒரு தொழிலை நெருக்கி, அதனால் கூலியைக் குறைக்கச் செய்பவர்களே கனமான குற்றவாளிகள் என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படி நெருக்குபவர் மொத்த வியாபாரி மட்டுமல்ல. கடையில் பொம்மையைக் கையிலெடுத்துப் பாதி விலைக்குக் கேட்டு, கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்கு நடக்கிறோமே, நாமும் அதில் சேர்த்திதான்.