கஞ்சாவுக்கு அனுமதி கேட்பவர்களும் நமது மார்க்கமும்

  



நம் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து கஞ்சாவுக்குச் சட்டமே அனுமதி கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். நீங்கள் இன்னும் ஹராம் என்கிறீர்களே?" அதட்டி அனுப்பிவிடாதீர்கள். பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

முதல் பதில் சுருக்கமானது. நம் ஊரில் டாஸ்மாக் கடையை நடத்துவதே அரசாங்கம்தான். அதனால் சாராயம் ஹலால் ஆகிவிட்டதா? சூரா மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவை ஷைத்தானின் செயல்களில் சேர்க்கிறது. போதை தரும் எல்லாமே அந்தத் தடையில் அடங்கும் என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள். ஹஷீஷ் பரவிய காலத்தில் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் அது ஹராம் என்றே எழுதினார்கள். எந்த நாட்டு ஓட்டெடுப்பும் இதை மாற்றாது.

ஆனால் அந்த மக்கள் உண்மையில் என்ன கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கலிபோர்னியாவில் இந்த இயக்கத்தை முன்னே கொண்டுவந்தவர்களில் சான்பிரான்சிஸ்கோவின் எய்ட்ஸ் நோயாளிகளும், அவர்களைப் பராமரித்தவர்களும் முக்கியமானவர்கள். வாந்தி நிற்காமல், பசி எடுக்காமல் மெலிந்துகொண்டிருந்தவர்களுக்காகக் கேட்டார்கள். 1996இல் 215ஆம் முன்மொழிவு ஓட்டெடுப்பில் வென்றது. 20 ஆண்டு கழித்து, 2016இல், 64ஆம் முன்மொழிவு வந்தது. 21 வயதானவர் இன்பத்துக்காகவும் வாங்கலாம், கடை வைத்து விற்கலாம் என்றது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நோய்க்கு மருந்து கேட்பதை ஃபிக்ஹு அறிஞர்கள் நிர்ப்பந்தம் என்ற தலைப்பில் தனியாகவே பேசுகிறார்கள். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த, போதை தராத ஒரு மருந்துக்கு 2018இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்க்கானது அது. மருத்துவர் எழுதித் தந்து அதைக் கொடுக்கும் தாயை யாரும் குறை சொல்ல முடியாது. இன்பத்துக்காக விற்பனை என்பதற்கு நம்மிடம் ஆதரவு இல்லை. லாபம் வந்துவிட்டால் வியாபாரி இளைஞனைத்தான் தேடி வருவான்.

அதே 64ஆம் முன்மொழிவில் இன்னொரு பகுதி உண்டு. பழைய கஞ்சா வழக்குகளில் தண்டனை பெற்றவர்களின் பதிவுகளைக் குறைக்கவும் நீக்கவும் அது வழி செய்தது. சான்பிரான்சிஸ்கோ நகரில் மட்டும் 9,000க்கும் மேற்பட்ட தண்டனைப் பதிவுகள் நீக்கத்துக்கு எடுக்கப்பட்டன. என்றோ முடிந்த தண்டனை, வேலை தேடும்போதும் வாடகை வீடு கேட்கும்போதும் கூடவே வந்துகொண்டிருந்தது.

இங்கே நின்று புகாரியில் வரும் ஒரு சம்பவத்தை யோசித்துப் பாருங்கள். அப்துல்லாஹ் என்றொரு ஸஹாபி. நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டார். தண்டனையும் கொடுக்கப்பட்டது, அதை மறைக்க வேண்டாம். அப்போது கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் உடனே தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள். அடி வாங்கியவர் அன்றே வீட்டுக்குப் போனார். மறுநாளும் அவர் மதீனாவாசிதான், ஸஃப்பில் அவருக்கு இடம் இருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் ஒரு கிலோ வரையிலான கஞ்சா 'சிறிய அளவு'. அதற்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. வணிக அளவான 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள். இது பலருக்குத் தெரியும். 64ஏ பிரிவு பலருக்குத் தெரியாது. போதைக்கு அடிமையானவர் உட்கொண்ட வழக்கிலோ, சிறிய அளவு வழக்கிலோ சிக்கினால், அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டுவிட்டால் அது பறிபோகலாம். அனுமதி கேட்டுப் போராடத் தேவையில்லாத உரிமை இது, சட்டத்திலேயே இருக்கிறது. பையன் பிடிபட்டதும் நாம் என்ன செய்கிறோம்? வெட்கத்தில் வீட்டுக் கதவைச் சாத்துகிறோம். வக்கீலிடம் போவதற்குள் மாதங்கள் ஓடுகின்றன. மஹல்லாவில் அந்த வீட்டுக்குப் பெண் கேட்டு யாரும் வருவதில்லை. அவன் பள்ளிக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவர் தள்ளி நிற்கிறார். திரும்பிப் போக அவனுக்கு இருப்பது விற்றவனுடைய கூட்டம்தான்.

ஜமாஅத் நிர்வாகிகளே! திருமணப் பதிவுக்கும் ஜகாத்துக்கும் ஆள் வைத்திருக்கிறீர்கள். இந்த விஷயத்துக்கும் ரகசியம் காக்கத் தெரிந்த ஒருவரை நியமியுங்கள். வழக்குக்கு ஒரு வக்கீலின் எண், சிகிச்சைக்கு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. அதை உளூச் செய்யும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். அங்கே நின்றால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக. சிறையில் இருப்பவர்களுக்கு வழியைத் திறப்பானாக. ஆமீன்.