இடம் பார்த்துச் சொல்லும் துக்கம்

மகளைப் பற்றிப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினால், யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "பேசப் பேச மனசு ஆறுதா சார்?"

ஆறாது. பேசிய அன்று இரவு தூக்கம் வராது. அது தெரிந்து என் மனைவியும் தூங்கமாட்டாள். ஆனாலும் கூப்பிட்டால் போகிறேன். உறவினர் வீடுகளில் மகள் பேச்சை எடுத்தால், "இருங்க, காபி கொண்டாறேன்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள், எங்களை அழவிடக் கூடாது என்று. ஆனால் ஏழு வயது வரை ஓடியாடிய பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை பேச எங்களுக்கு வேறு இடமில்லை. மேடை அந்த இடத்தைத் தருகிறது.

அது என் தேவை. கேட்க உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தேவை? இந்தக் கேள்வியைப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் பேசப் போகும் ஒவ்வொருவரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு மருத்துவமனையில், சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோரிடம் பேச அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு தாய். மடியில் முடியெல்லாம் கொட்டிய நாலு வயதுப் பையன். முகக்கவசத்துக்குள்ளேயே உறுமிக்கொண்டு, அம்மாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு பொம்மை காரை ஓட்டிக்கொண்டிருந்தான். ஊசி குத்திய பிளாஸ்திரி வந்ததும் காரைத் தூக்கி, அதைத் தாண்டி இறக்கினான். அவனுக்கும் என் மகளுக்கு வந்த அதே நோய்தான்: அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். பிழைக்கப் போகும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம், பிழைக்காத பிள்ளையின் கடைசி இரவைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அன்று இறப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கீமோ நாட்களில் காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று இருக்காமல் அந்த நிமிடமே கிளம்புவது, புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் உள்ள சலுகை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் என்று இவற்றைத்தான் பேசினேன். இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும் வைத்தியம் அது. பஸ் காசுக்கும் போன கூலிக்கும் ஈடுகொடுக்க முடியாமல் பாதியில் ஊர் திரும்பிவிடும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு என் கண்ணீரைவிட ரயில் சலுகைத் தாள் பெரிது.

இழப்பின் கதையை வேறு இடங்களுக்கு வைத்திருக்கிறேன். நர்சிங் கல்லூரிகளில் சொல்கிறேன், பள்ளி ஆசிரியர் கூட்டங்களில் சொல்கிறேன். விட்டுவிட்டு வந்த காய்ச்சல், இரவில் கால்வலி. "வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தானே செய்யும்" என்றார்கள் பக்கத்தில். பிறகு எங்கும் அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள். வகுப்பில் ஒரு பிள்ளை வெளுத்துப்போய்ச் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப ஓர் ஆசிரியரால் முடியும். கேட்பவர்கள் அழுதார்களா என்பதை வைத்து என் பேச்சை நான் எடை போடுவதில்லை. அழுகை வாசல் தாண்டுவதற்குள் உலர்ந்துவிடும். பேச்சு முடிந்ததும் நோட்டை எடுத்து ஓர் ஆசிரியை அறிகுறிகளை எழுதிக்கொண்டால், அது போதும்.

இதில் எனக்கு முன்னோடி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் பேசியபோது, புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற தம் விருப்பத்தைச் சொன்னார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-இல். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். துக்கத்தைச் சொல்லிவிட்டு அவர் கேட்டது அனுதாபத்தை அல்ல, ஒரு கட்டடத்தை.

நான் கேட்பது அவ்வளவு பெரியதல்ல. கீமோ கொடுத்த பிறகு மகளுக்குத் தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் கசியும். "எஸ்.டி.பி. ஒரு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க" என்று, ஒரே கொடையாளரிடமிருந்து எடுக்கும் தட்டணுக்களை நர்ஸ் கேட்ட ஓர் இரவில், கையில் ஹெல்மெட்டோடு ஒரு கல்லூரி மாணவன் வந்தான். எங்களுக்கு அவன் யாரோ. ஒரு மணி நேரத்துக்கு மேல் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விட்டான். மஞ்சள் நிறப் பை கம்பியில் தொங்கியதும் மகள் கண் திறந்து, "மாம்பழ ஜூஸ் வந்துடுச்சாப்பா?" என்றாள். மறுநாள் உட்கார்ந்து இட்லி தின்றாள், விக்கிரமாதித்தன் கதை கேட்டாள். பிறகு ஒரு கிருமித்தொற்று அவளைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் அந்த மறுநாளும் அதற்குப் பின் வந்த நாட்களும் எங்களுக்குக் கிடைத்தவை. அவற்றைக் கொடுத்தவன் அந்தப் பையன். கல்லூரிகளில் பேசும்போது அவள் போனதைவிட அவன் வந்ததைத்தான் நேரமெடுத்துச் சொல்கிறேன்.

ரத்தத்தை ஒரு மாதத்துக்கு மேலும் பாதுகாத்து வைக்கலாம். தட்டணுக்கள் ஐந்தே நாளில் பயனற்றுப் போகும். அதனால் ஒரு நாள் முகாம் நடத்திச் சேர்த்து வைத்துவிட முடியாது. வாரந்தோறும் புதிதாக யாராவது வர வேண்டும். உங்களுக்கு 18 வயது முடிந்து, எடை 50 கிலோவுக்கு மேல் இருந்து, உடல்நலமும் சரியாக இருந்தால், அருகில் உள்ள ரத்த வங்கிக்குப் போய்த் தட்டணுக் கொடையாளர் பட்டியலில் பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் கூப்பிடும் இரவில் போனை எடுங்கள்.